36 வருஷ ஓட்டம், 20 வருஷக் கட்டில்: டோனாவூர் அம்மை ஏமி கார்மைக்கேல்

1931-ம் வருஷம். திருநெல்வேலிச் சீமையில் களக்காடு. பொழுது சாய்கிற நேரம். அந்த ஊரில் தங்கி வேலை பார்க்கப்போகும் பெண்களுக்காக ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க 63 வயதுப் பெண்மணி ஒருவர் வந்திருந்தார். கழிப்பறைக்காகத் தோண்டிய குழியை, தோண்ட வேண்டிய இடத்தை விட்டுவிட்டு வேறு இடத்தில் தோண்டி வைத்திருந்தார்கள். அரை இருட்டில் அது கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளே விழுந்துவிட்டார். கால் எலும்பு முறிந்தது. கணுக்கால் பிசகியது. முதுகெலும்பும் தப்பவில்லை.

சில வாரத்தில் எழுந்து நடந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனால், 1951 ஜனவரியில் உயிர் பிரியும் வரை ஏறக்குறைய 20 வருஷம் அவருடைய உலகம் ஒரே ஒரு அறைக்குள் சுருங்கிப்போனது.

அவர்தான் ஏமி கார்மைக்கேல். டோனாவூர்க்காரர்களுக்கு அம்மை. கிறிஸ்தவ வீடுகளில் பிறந்தவர்களுக்கு சண்டே ஸ்கூலில் கேட்ட பெயர். குழந்தைகளைக் காப்பாற்றிய கதை பலருக்கும் தெரியும். நான் இங்கே சொல்ல வருவது அதைவிட, அவருக்குள்ளேயே கடைசிவரை நடந்த ஓர் இழுபறியை. கடவுளுக்காக ஓடிக்கொண்டே இருப்பதா, கடவுளுக்குள் அமைதியாக இருப்பதா?

லீவு போட்டுப் படுத்தாலும் ஒரு கண்ணை ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பிலேயே வைத்திருக்கிற தலைமுறை நாம். ரெஸ்ட் எடுத்தால் குற்ற உணர்ச்சி, எடுக்காவிட்டால் தலைவலி. பக்திமான்களுக்கு இந்தக் குற்ற உணர்ச்சி டபுள் மடங்கு. வேலை செய்தால், மார்த்தாளைப் போல அடுப்படியிலேயே கிடக்கிறோமோ என்ற பயம். உட்கார்ந்து ஜெபித்தால், மரியாள் என்ற பெயரில் சோம்பேறி ஆகிவிட்டோமோ என்ற பயம். ஏமிக்கு இந்த இரண்டு பயமும் இருந்தன.

தகரக் கொட்டகையும் சால்வைப் பெண்களும்

வட அயர்லாந்தின் மில்லைல் என்ற கடலோரக் கிராமத்தில் 1867 டிசம்பர் 16-ல் பிறந்தவர் ஏமி. ஏழு பிள்ளைகளில் மூத்தவர். வீட்டுக்கு மாவு மில் இருந்தது, வசதி இருந்தது. பிற்பாடு குடும்பம் பெல்ஃபாஸ்டுக்குக் குடிபெயர்ந்தது. தொழிலில் சறுக்கல். 1885-ல் அப்பாவும் இறந்துபோனார். அப்போது ஏமிக்கு 17 வயது.

பெல்ஃபாஸ்ட் நூல் மில்களில் வேலை செய்த ஏழைப் பெண்கள் தொப்பி வாங்கக் காசில்லாமல் தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு போவார்கள். கௌரவமான சர்ச்காரர்களுக்கு அவர்களைக் கண்டால் முகம் சுளிக்கும். ஏமி அவர்களைத்தான் கூட்டிச் சேர்த்தார். சர்ச் ஹாலில் ஆரம்பித்த கூட்டம் இடம் கொள்ளாமல் போக, 500 பேர் உட்காரும் அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை எழுந்தது. 1889-ல் அதைத் திறந்தபோது ஏமிக்கு வயது 21. இன்று காலேஜ் ஃபைனல் இயர் படிக்கிற வயசு!

ஆனால், இந்த வேகத்துக்கு உடம்பு ஈடுகொடுக்கவில்லை. நரம்புவலி. வந்தால் நாள்கணக்கில் படுக்கை. ஓடுகிறவர், விழுகிறவர் என்று இரண்டு ஏமிகளும் அந்த வயசிலேயே ஒன்றாகத்தான் இருந்தார்கள்.

பல்லைக் கடிக்காமல் பரிசுத்தமா?

இந்த இடத்தில் ஒரு சின்ன வரலாறு தேவை. இங்கிலாந்தின் வடமேற்கே ஏரிகளுக்கு நடுவில் கெசிக் என்று ஓர் ஊர். 1875-லிருந்து அங்கே கோடையில் பெரிய கூடாரம் போட்டு கூட்டம் நடத்தத் தொடங்கினார்கள். நல்லவராக வாழ வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு போராடித் தோற்கிறவர்களுக்கு அங்கே ஒரு செய்தி இருந்தது: போராட்டத்தை நிறுத்துங்கள், உங்களை முழுசாகக் கிறிஸ்துவிடம் ஒப்படையுங்கள், அவர் உங்களுக்குள் வாழட்டும், நீங்கள் இளைப்பாறுங்கள். களைத்துப்போன பக்தர்களுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும்!

எல்லோரும் இதை ஏற்கவில்லை. பின்னாளில் லிவர்பூலின் முதல் பிஷப் ஆன ஜே.சி.ரைல், பரிசுத்தம் பற்றி 1877-ல் ஒரு புத்தகமே எழுதினார். பைபிள் கிறிஸ்தவ வாழ்க்கையை ஓட்டம் என்கிறது, மல்யுத்தம் என்கிறது, போர் என்கிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் பரிசுத்தம் வருமா என்பது அவருடைய வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது, இல்லையா? பவுல் தன் நிருபங்களில் இரண்டையும்தான் சொல்கிறார். எபிரெயர் நிருபமோ இன்னும் ஒருபடி மேலே போய், இளைப்பாறுதலுக்குள் நுழைவதற்கே முயற்சி எடுக்கச் சொல்கிறது. ரெஸ்ட் எடுப்பதற்கு மெனக்கெட வேண்டும் என்றால் எப்படி என்று குழம்பாதவர்கள் யாரும் இல்லை.

1886-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இதே பாணியில் நடந்த ஒரு கூட்டத்துக்கு ஏமி போயிருந்தார். வறண்ட மனசோடு போனவர், கடைசி ஜெபத்தில் எதையோ பிடித்துக்கொண்டார். தன்னை விழாமல் தாங்குவது தன் பிடி அல்ல, தன்னைப் பிடித்திருக்கும் கை என்ற நம்பிக்கை அது. கூட்டம் முடிந்து சாப்பிடப் போன இடத்தில் இறைச்சி சரியாக வேகவில்லை என்று யாரோ குறைசொல்ல, இதெல்லாம் ஒரு விஷயமா என்று அவருக்குத் தோன்றியதாம். பெரிய தரிசனம் எதுவும் இல்லை, பாதி வெந்த ஆட்டுக்கறிதான். எனக்கு இந்தச் சம்பவம் ரொம்பப் பிடிக்கும்.

கெசிக் கூட்டத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ராபர்ட் வில்சன், மனைவியையும் மகளையும் இழந்தவர். அவர் ஏமியை மகள்போல் தன் வீட்டில் வைத்துக்கொண்டார். இளைப்பாறுதலைப் பற்றிப் பேசுகிறவர்கள் வந்து போகும் வீடு அது. அங்கே உட்கார்ந்துகொண்டு ஏமிக்கு உட்காரவே முடியவில்லை. 1892 ஜனவரியில், தூர தேசம் போக வேண்டும் என்ற அழைப்பு அவருக்குள் உறுதியானது. மகள் வீட்டைவிட்டுப் போகிறாளே என்று வில்சன் உடைந்துபோனார்.

ரிஜெக்ட் ஆன உடம்பு

சீனாவுக்குப் போக மனு போட்டார். டிரங்குப் பெட்டிகூட ரெடி. டாக்டர் உடம்பைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றுவிட்டார். 1893-ல் கெசிக் கூட்டத்தார் அனுப்பிய முதல் மிஷனரியாக ஜப்பான் போனார். 15 மாதம்தான். அங்கேயும் உடம்பு படுத்தியது. சிலோனில் கொஞ்ச நாள் தங்கினார். அதற்குள் வில்சனுக்குப் பக்கவாதம் என்று செய்தி வர, இங்கிலாந்துக்கே திரும்பினார். 1895 நவம்பரில் பெங்களூரில் வந்து இறங்கியபோது டெங்கு காய்ச்சல் வேறு.

சீனாவுக்கு லாயக்கில்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட இந்த உடம்புதான், அதற்குப் பிறகு 55 வருஷம் ஒரு தடவைகூடச் சொந்த ஊருக்கு லீவில் போகாமல் இந்தியாவிலேயே இருந்தது.

1896 கடைசியில் திருநெல்வேலிக்கு வந்தார். சி.எம்.எஸ் மிஷனரி தாமஸ் வாக்கர் ஐயர்தான் தமிழ் வாத்தியார். கண்டிப்பான வாத்தியார். அப்புறம் ஆரம்பித்தது மாட்டுவண்டிப் பயணம். பொன்னம்மாள் என்ற இளம் விதவையும் இன்னும் சில தமிழ்ப் பெண்களும் சேர்ந்த ஒரு குழு. பண்ணைவிளையை மையமாக வைத்து ஊர் ஊராகப் போனார்கள். வெயில், புழுதி, மூடிய கதவுகள். ஏமி சேலை கட்டிக்கொண்டார். அவருடைய கனவு இதுதான்: கடைசிவரை இப்படியே ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருப்பது.

காலைக் கட்டிப்போட்ட பிள்ளைகள்

1901 மார்ச் 7-ம் தேதி காலை. ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியை ஒரு பெண் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பிரீனா என்று பின்னால் அறியப்பட்டவள். பெருங்குளத்தில் கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட இருந்தவள். முன்பே ஒருமுறை தப்பித்துத் தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவிடம் ஓடியிருக்கிறாள். திரும்பப் பிடித்துவந்து, தண்டனையாகக் கையில் சூடு போட்டிருக்கிறார்கள். ஏமி டோனாவூரில் சில காலம் தங்கிவிட்டுப் பண்ணைவிளைக்குத் திரும்பியதே அதற்கு முந்தின நாள்தான். ஒரு நாள் முன்னே பின்னே ஆகியிருந்தால் கதை வேறு.

குழந்தை மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, கோயில் வீட்டில் பார்த்ததையெல்லாம் பொம்மையை வைத்து நடித்துக் காட்டினாள். அதைக் கேட்ட பிறகு ஏமியால் பழையபடி மாட்டுவண்டியில் ஏற முடியவில்லை. (தேவதாசி முறைக்கு எதிராக டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் பல்லாண்டு போராடி, சென்னை மாகாணத்தில் தடைச் சட்டம் வந்தது 1947-ல்தான். 1901-ல் ஏமிக்குக் கைகொடுக்க அப்படி ஒரு சட்டம் இல்லை. பிள்ளையைக் கடத்தினார் என்று வழக்குப் போட ஆட்கள் இருந்தார்கள்.)

அந்த வருஷமே மேற்குத்தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் டோனாவூர் நிரந்தர வீடானது. ரேனியஸ் ஐயர் காலத்தில் உருவாகி, பணம் கொடுத்த ஜெர்மன் பிரபு டோனாவின் பெயரைத் தாங்கிய ஊர். 1904-ல் 17 பிள்ளைகள். 1913-ல் 140. 1918-லிருந்து ஆண் குழந்தைகளும் வந்தார்கள்.

இப்போது ஏமிக்கு ஒரு புதுக் குழப்பம். பிரசங்கம் செய்ய வந்தவர், ராத்திரி கண்விழித்துப் பால் புகட்டுகிறார். பிள்ளைகளுக்கு நகம் வெட்டுகிறார். இதற்காகவா கடல் கடந்து வந்தோம், ஆத்துமாக்களைத் தேடிப் போக வேண்டியவர் ஆயாவாகிவிடலாமா என்று வெளியிலிருந்தும் கேட்டார்கள், அவருக்குள்ளிருந்தும் கேள்வி வந்தது. இயேசு இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவிய காட்சியில்தான் அவருக்கு விடை கிடைத்தது. இது பெரிய வேலை, அது சின்ன வேலை என்ற கணக்கையே அதன்பின் விட்டுவிட்டார்.

நல்லா கவனிச்சா, அவர் ஓட்டத்தை நிறுத்தவில்லை. ஓட்டத்தின் அளவுகோலைத்தான் மாற்றிக்கொண்டார். எத்தனை ஊர், எத்தனை பேர் என்று எண்ணுவது போய்விட்டது. கெசிக் கூடாரத்தில் கேட்ட இளைப்பாறுதல் அவர் வாழ்க்கையில் உண்மையான இடம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடம்பு ஓடியபடியே இருந்தது, மனசு மார்க் போடுவதை நிறுத்திக்கொண்டது.

பண விஷயத்திலும் அப்படித்தான். யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்பது அவருடைய கொள்கை. வேலை செய்கிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. தேவை இருந்தால் ஜெபம். ஆனால், கணக்கு வழக்கில் கெடுபிடி. ஒரு செங்கல்லைக்கூட வீணாக்க விடமாட்டார். 1919-ல் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தபோது சங்கடப்பட்டார். விழாவுக்கே போகவில்லை.

மலைமேல் ஒரு லீவு

சொந்த ஊருக்கு லீவில் போகாத இந்த மனுஷி, மற்றவர்களின் ஓய்வில் ரொம்பக் கறார். 1912-ல் வாக்கர் ஐயர் இறந்தார். 1915-ல் பொன்னம்மாள் புற்றுநோயில் போனார். வலது கை, இடது கை இரண்டும் போன மாதிரி. அதற்கு அடுத்த சில வருஷத்துக்குள் டோனாவூருக்கு மேலே மலைக்காட்டில் கொஞ்சம் நிலம் வாங்கினார். அங்கே ஒரு வீடு கட்டினார்கள். வெயில் காலத்தில் பிள்ளைகளும் ஊழியர்களும் முறைவைத்து மலையேறினார்கள். காட்டாற்றுச் சுனையில் நீச்சல். அம்மையும் குதித்து நீந்துவார்.

காசே கேட்காத அமைப்பு, பால் புகட்ட வேண்டிய குழந்தைகள் நூற்றுக்கணக்கில். அந்த நிலைமையில் காட்டுக்குள் ஓய்வு வீடு வாங்குவது ஆடம்பரமாகத் தெரிந்திருக்கும். அவருக்கு அது சாப்பாடு மாதிரி, தேவை.

இதையெல்லாம் படித்துவிட்டு அவரை ஒரு ஜென் துறவியாக நினைத்துவிட வேண்டாம். அம்மை பிடிவாதக்காரர். வேலைக்கு வருகிறவர்களிடம் முழு வாழ்க்கையையும் எதிர்பார்த்தார். பின்னாளில் திருநெல்வேலி பிஷப் ஆன ஸ்டீபன் நீல் இளைஞராக 1924-ல் டோனாவூர் வந்து, ஒத்துப்போக முடியாமல் ஒரு வருஷத்தில் வெளியேறினார். அந்த விஷயத்தில் இரு தரப்புக்கும் காயம். எல்லோருடைய உடம்புக்கும் ஓய்வு கொடுத்த அம்மை, தன் அதிகாரத்துக்கு ஓய்வு கொடுத்தாரா என்று கேட்டால், லேசில் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த அறை

இப்போது களக்காட்டுக் குழிக்கு வருவோம். விழுந்த அன்று காலையில்தான், உமக்குப் பயன்படும்படி என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும் என்ற பொருளில் அவர் ஜெபித்திருந்தார். இதைச் சொல்லி, கடவுள் உடனே பதில் கொடுத்துவிட்டார் என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. எனக்கு அது ஒத்துக்கொள்வதில்லை. குழியைத் தப்பான இடத்தில் தோண்டியது மனுஷக் கை.

லாரியில் ஏற்றி நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். எலும்பு கூடியது, ஆனால் வலி போகவில்லை. மூட்டுவாதமும் பழைய நரம்புவலியும் சேர்ந்துகொண்டன. ராத்திரித் தூக்கம் போனது. குணமாகிவிட வேண்டும் என்று டோனாவூரே ஜெபித்தது. நடக்கவில்லை.

காலமெல்லாம் இளைப்பாறுதலைப் பற்றிக் கேட்டும் எழுதியும் வந்தவருக்கு, நிஜமாகவே படுத்துக் கிடக்க வேண்டி வந்தபோது அது சுகமாக இல்லை. தான் மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவோமோ என்பது அவரை அரித்த பயம். வெளியூரிலிருந்து ஆறுதல் புத்தகங்களும் துண்டறிக்கைகளும் வந்து குவிந்தன. படித்துப் பார்த்தால், எல்லாம் நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிறவர்கள் நோயாளிகளுக்குச் செய்த உபதேசம். கடுப்பாகிவிட்டார். நோயாளி நோயாளிக்கு எழுதினால் எப்படி இருக்கும் என்று அவரே எழுதத் தொடங்கினார். 1933-ல் அது புத்தகமாக வந்தது. வலியை அழகுபடுத்தாமல், ஓய்வு என்பது சில நாள் வரும், சில நாள் வராது என்று ஒப்புக்கொள்கிற எழுத்து. படுக்கையிலிருந்தே ஒரு டஜனுக்கும் மேல் புத்தகங்கள் வந்தன. மொத்தத்தில் 35 வாக்கில் எழுதியிருக்கிறார்.

அறைக்கு வெளியே வராந்தாவில் பறவைக் கூண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து பேசிவிட்டுப் போவார்கள். யாருக்குப் பிறந்தநாள், யாருக்கு மனவருத்தம் என்று தெரிந்து, சீட்டு எழுதிக் கொடுத்தனுப்புவார். ஓடியாடிய காலத்தில் கிடைக்காத நேரம் பிள்ளைகளுக்கு இப்போது கிடைத்தது. ஆனால், படுத்திருந்தபடியே எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது என்பதும் உண்மை.

பொறுப்பை மெல்ல மெல்லத்தான் கைமாற்றினார். பையன்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டவர் காட்ஃப்ரி வெப்-பெப்ளோ. கெசிக் மேடையில் பிரபலமாக இருந்த ஒரு போதகரின் பேரன். தனக்குப் பின் இவர் இருக்கிறார் என்று அம்மை நிம்மதியாக இருந்தார். 1948-ல் அறைக்குள்ளேயே மறுபடி விழுந்தார். அதோடு கட்டிலைவிட்டு இறங்குவதும் நின்றுபோனது. மறுவருஷம் காட்ஃப்ரியும் இறந்துவிட்டார். 81 வயதில், படுக்கையில், வாரிசை இழந்து நின்றார் அம்மை. அதன்பின் எஞ்சியிருந்த பொறுப்புகளை அடுத்த தலைமுறைப் பெண்களிடமும் ஆண்களிடமும் விட்டுவிட்டார்.

1951 ஜனவரி 18, அதிகாலையில் தூக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. தனக்குக் கல்லறைக் கல் எதுவும் வேண்டாம் என்று முன்பே சொல்லிவைத்திருந்தார். பிள்ளைகள் அந்தப் பேச்சை மீறவில்லை. பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல் தொட்டியை மட்டும் அங்கே வைத்தார்கள். அதில் ஒரே ஒரு சொல் பொறித்திருக்கிறது: அம்மை.